வீட்டு நாய்க்கு ரயிலில் இடம் உண்டா?

கோடை விடுமுறை நெருங்கியதும் துவாரகாவின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஊர்ப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். எத்தனை நாள் லீவு, தமிழ்நாடு எக்ஸ்பிரஸா, ஜி.டி.யா, குலதெய்வம் கோயிலுக்கு என்றைக்குப் போவது என்பவையெல்லாம் பழைய கேள்விகள். இப்போது பல வீடுகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. நாயை என்ன செய்வது?

இதை வசதி படைத்தவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகள் வெளிநாட்டுக்கோ வெளியூருக்கோ போய்விட்டபின், ஓய்வு பெற்ற தம்பதியருக்கு வீட்டில் துணையாக இருப்பது பெரும்பாலும் ஒரு நாய்தான். அதற்காகக் கணவன் தில்லியில் தங்க, மனைவி மட்டும் ஊர்க் கல்யாணத்துக்குப் போய் வருகிறார். வயதான தாயைப் பார்க்கும் பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது. அன்புக்குக் கொடுக்கும் விலை இது என்று அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

ரயிலில் நாயைக் கொண்டுபோகத் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் விதிமுறை யாருக்குச் சாதகமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கொண்ட கூபேயையோ, நான்கு படுக்கை கொண்ட அறையையோ முழுவதுமாக எடுத்துக்கொண்டால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு ஆகியவற்றில் வளர்ந்த நாய்க்கு அனுமதி கிடையாது. அந்த வகுப்புகளில் செல்வோர் நாயை கார்டு வண்டியில் உள்ள கூண்டில் ஏற்றிவிட்டுத் தாங்கள் வேறு பெட்டியில் போக வேண்டும். தண்ணீரும் உணவும் கொடுப்பது உரிமையாளரின் பொறுப்பு.

தில்லியிலிருந்து சென்னை 2,100 கிலோமீட்டருக்கும் அதிகம். வேகமாகச் செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரசுக்கே ஏறத்தாழ 33 மணி நேரம் ஆகிறது. மே மாதத்தில் நாக்பூர், பல்லார்ஷா பக்கத்து வெயில் எப்படிப்பட்டது என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். வண்டி நிற்கும் சில நிமிடங்களில் ரயிலின் கடைசிவரை ஓடிப்போய்த் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்ப முதியவர்களால் ஆகுமா? பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வெப்பம் உயிருக்கே ஆபத்து.

முதல் வகுப்பில் போகத் துணிந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. மனிதர்களுக்கு 60 நாட்களுக்கு முன்பே டிக்கெட் கிடைக்கிறது. ஆனால் கூபே கிடைத்ததா, நான்கு படுக்கை அறையில் இரண்டு இடம்தான் கிடைத்ததா என்பது சார்ட் தயாரான பிறகே தெரியும். நாயின் பயணம் உறுதியாவது, மூட்டை கட்டிப் புறப்படும் வேளையில்தான்.

விமானத்தில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. 2022 நவம்பர் முதல் ஆகாசா ஏர் நிறுவனம் சிறிய நாய், பூனைகளைப் பயணிகளோடு அனுமதிக்கிறது. ஏர் இந்தியாவும் எடை வரம்பு வைத்து அனுமதிக்கிறது. ஆனால் லாப்ரடாரோ, ராஜபாளையமோ அந்த வரம்புக்குள் அடங்காது. ஊர் போய்ச் சேர்ந்தாலும் தங்கும் இடம் பெரும்பாடு. மலை வாசஸ்தலங்களில் சில விடுதிகள் நாயை ஏற்கின்றன. கோயில் ஊர்களில் சத்திரமானாலும் லாட்ஜானாலும் வாசலிலேயே கையை விரித்துவிடுகிறார்கள்.

இத்தனை கதவுகளும் அடைபடும்போது சிலர் தவறான வழியை நாடுகிறார்கள். விடுமுறைக்கோ இடமாற்றத்துக்கோ புறப்படும்முன் நாயைத் தொலைவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். இது வெறும் இரக்கமின்மை அல்ல, குற்றமும்கூட. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், தகுந்த காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் வித்திட்டவர் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் என்பது தமிழர்களுக்குப் பெருமை. ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் ரூ. 10 முதல் ரூ. 50 வரைதான். இந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்?

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளை ஒட்டி நாடெங்கும் விவாதம் நடந்தது. தெருவில் விடப்படும் வீட்டு நாய் ஒவ்வொன்றும் அந்தப் பிரச்சினையைப் பெருக்குகிறது என்பதை மறக்கலாகாது. இரை தேடவும் சண்டையிடவும் பழகாத அது, தெருவில் நெடுநாள் தாங்குவதுமில்லை.

துவாரகை என்ற பெயரைக் கேட்டதும் பாரதக் கதை நினைவுக்கு வரும். தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று தருமபுத்திரர் தேரில் ஏற மறுத்தார். இன்றைய குடும்பத் தலைவர் கேட்பது சொர்க்கத்துக்கு இடமல்ல, சென்ட்ரல் வரை இடம்.

சக பயணிகளின் அச்சத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. நாயைக் கண்டால் நடுங்கும் குழந்தைகள் உண்டு. நாய் முடி ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்கள் உண்டு. ஆகவே எல்லாப் பெட்டிகளையும் திறந்துவிட வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. பிரிட்டனில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை கட்டணமின்றி ரயிலில் அழைத்துச் செல்லலாம். ஜெர்மனியில் பெரிய நாய்க்கு டிக்கெட் வாங்கிச் சாதாரணப் பெட்டியிலேயே போகலாம். இங்குள்ள கூட்டத்துக்கு அது பொருந்தாது. ஆனால் தொலைதூர வண்டிகளில் ஏ.சி. மூன்றடுக்குப் பெட்டி ஒன்றின் கோடியில் ஒரு பகுதியைத் தடுத்து, தடுப்பூசிச் சான்றிதழும் வாய்மூடியும் உள்ள நாய்களுக்கு ஒதுக்கலாம். உரிய கட்டணம் வசூலிக்கலாம். கோடையிலாவது சோதனையாக இதைச் செய்து பார்ப்பதில் ரயில்வேக்கு நஷ்டம் வராது.

எல்லாவற்றையும் ரயில்வே நிர்வாகத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. துவாரகாவின் குடியிருப்புச் சங்கங்கள் பொங்கல் விழாவும் நவராத்திரி கொலுவும் சேர்ந்து நடத்துகின்றன. ஒரு வீட்டார் ஊருக்குப் போகும்போது அடுத்த வீட்டார் நாயைப் பார்த்துக்கொள்வது, அவர்கள் போகும்போது இவர்கள் பார்த்துக்கொள்வது என்று ஒரு முறை ஏற்படுத்தினால் செலவே இல்லை. துவாரகா 29-ஆவது செக்டாரில் இறந்த வளர்ப்புப் பிராணிகளைத் தகனம் செய்ய மாநகராட்சியின் வசதி இருக்கிறது. அது பாராட்டத்தக்கது. உயிரோடு இருக்கும் பிராணியைப் பத்து நாள் நம்பி விட்டுச் செல்ல, நியாயமான கட்டணத்தில் மாநகராட்சியின் மேற்பார்வையில் ஒரு காப்பகமும் வேண்டாமா?

முதல் பொறுப்பு நாய் வளர்ப்போருடையது. குழந்தை அடம் பிடிக்கிறதே என்று குட்டியை வாங்குமுன், அடுத்த மே மாதம் அது எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு வீட்டில் விடை இருக்க வேண்டும். விடை இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே அந்த ஜீவனுக்குச் செய்யும் நன்மை.