வால் நறுக்கிய சொல்

சிக்கல் என்றதும் நாகப்பட்டினத்தையடுத்த சிக்கலையும் சிங்காரவேலரையும் நினைத்துக் கொள்ளும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் உபாத்திமைத் தொழில் பார்ப்பது ராமநாதபுரம் சீமையிலுள்ள சிக்கலில். இங்கே கண்மாயும் கருவேல முள்ளும் உண்டு. அந்தப் பெரும் புகழ் இல்லை. ஆனால் ஆங்கிலச் சொற்களில் சிக்கல் விளைவிக்கும் மாணாக்கர்கள் நிரம்ப உண்டு.

அவர்களில் ஒருவன் பாம்பன் பாலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் மேல் 2022 டிசம்பரில் வண்டிப் போக்குவரத்து நின்றது. புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-ந் தேதி. இடையிலிருந்த இரண்டேகால் ஆண்டும் ராமேசுவரம் வண்டிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ நின்று திரும்பின. பையன் இதைச் சொல்லி, வண்டிகள் 'கான்ஸல்' செய்யப்பட்டன என்று எழுதியிருந்தான். நாம் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'கர்ட்டெயில்' என்று மேலே எழுதினோம்.

இந்தக் கர்ட்டெயிலின் பூர்வோத்தரம் சுவையானது. 'கர்ட்டல்' என்றொரு பழஞ்சொல் ஆங்கிலத்தில் இருந்தது. வால் நறுக்கிய குதிரைக்கு அது பெயர். குட்டையானது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. அதற்கும் பாட்டி 'குர்டுஸ்' என்னும் லத்தீன் சொல். வெடுக்கென்று பேசுவதைக் 'கர்ட்' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பந்தான். வாலைக் குறிக்கும் 'டெயில்' வேறு வம்சம். ஓசை ஒப்புமையால் அது பின்னால் வந்து ஒட்டிக் கொண்டது. வாலிழந்த சொல்லுக்கு வால் முளைத்தது வேடிக்கையல்லவா? உச்சரிக்கும்போதும் அந்த வாலிலேதான் அழுத்தம் விழ வேண்டும்.

பிரயோகத்தில் சற்று ஜாக்கிரதை தேவை. தையற்காரர் கால்சட்டையைக் குட்டையாக்குவது கர்ட்டெயில் அன்று. புத்தகத்தைச் சுருக்குவதற்கும் வேறு சொல் இருக்கிறது. செலவு, விடுமுறை, பிரயாணம், அதிகாரம், உரிமை - இவற்றின் அளவையோ காலத்தையோ குறைத்தால் இச்சொல் பொருந்தும். முழுவதும் தொலைந்து போனால் பொருந்தாது. வாலை நறுக்கினாலும் குதிரை குதிரையே. 'கான்ஸல்' அப்படியன்று. அதன் வேர் குறுக்குச் சட்டமிட்ட கிராதியைக் குறிக்கும் லத்தீன் சொல். எழுதியதன் மேல் கிராதி போலக் கோடு கிழித்து அடித்துவிடுவது.

நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தாமரை 'மரை' ஆவது முதற்குறை. ஓந்தி 'ஓதி' ஆவது இடைக்குறை. நீலம் 'நீல்' என்று நிற்பது கடைக்குறை. தலையோ இடையோ வாலோ, எங்கே குறைந்தது என்பதற்குத் தனித் தனிப் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். கர்ட்டெயில் என்பதன் ஆதிப் பொருளைக் கடைக்குறையைவிட நெருங்கி வரும் தமிழ்ச் சொல் நமக்குத் தெரிந்தவரையில் இல்லை. பத்திரிகைகள் 'குறைப்பு' என்று மொட்டையாக எழுதிவிடுகின்றன.

இவ்வளவையும் வகுப்பிலே விஸ்தரித்து முடித்தோம். பையன் எழுந்து நின்றான்.

"ஸார், எங்கள் அத்தை பாம்பனில் இருக்கிறார். மண்டபத்தில் இறங்குகிறவருக்கு அது கர்ட்டெயில். அத்தைக்குக் கான்ஸல்தானே?"

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த அத்தை மண்டபத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் பஸ் பிடித்துத்தான் ஊர் போய்ச் சேர்ந்தாராம். வண்டியின் பக்கமிருந்து பார்த்தால் ஓட்டத்தில் சில மைல் குறைவு. பாம்பன் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் வண்டியே இல்லை. 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்கு ரயில் போனதேயில்லை. ரயில் பாதையின் கணக்கில் அதுவும் வாலில் ஒரு துண்டுதான்.

கண்மாய்ப் பாசனத்தில் இதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நீர் மட்டம் இறங்கியதும், பாய்ச்சும் நாட்களைக் குறைப்பதென்று ஊர் கூடி முடிவு செய்யும். மடையருகே வயல் உள்ளவருக்கு ஒரு நனைப்புக் குறைகிறது. கடைமடைக்காரரின் வரப்புக்கு நீர்ப்பாய்ச்சி மண்வெட்டியோடு வருவதற்குள் மடையை அடைத்துவிடுகிறார்கள். அவர் பயிருக்குக் குறைப்பு என்பது ஏது?

சட்டம் எழுதியவர்களும் இந்தச் சூட்சுமத்தை யோசித்திருக்கிறார்கள். 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 13-வது ஷரத்து, அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தோடு நிற்கவில்லை; அவற்றைச் சுருக்கும் சட்டத்தையும் சர்க்கார் செய்யலாகாது என்கிறது. அங்கே கர்ட்டெயில் இல்லை, அதன் பங்காளியான 'அப்ரிட்ஜ்' இருக்கிறது. பறித்தலையும் சுருக்கலையும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தது காரணமில்லாமல் அன்று. உரிமைக்கும் கடைமடை உண்டு. அங்கே நிற்பவர் யாரென்று சுருக்குகிறவர் சொல்வதில்லை.

பையனின் கட்டுரையை மறுபடி வாங்கினோம். சிவப்பு மையை அழிக்க வழியில்லை. அடித்த சொல்லுக்குப் பக்கத்தில், 'பாம்பனுக்கு இதுவே சரி' என்று எழுதி, குறைத்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்தோம்.