விடிந்தபோது கராச்சி அங்கேயே இருந்தது

2025 மே 8, வியாழக்கிழமை. காலையில் பிளஸ் டூ ரிசல்ட். திட்டக்குடியில் பகல் முழுக்க மார்க் பேச்சுதான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு டி.வி.யைப் போட்டவர்களுக்கு வேறு பேச்சு காத்திருந்தது.

கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை தகர்த்துவிட்டது என்றார்கள். இஸ்லாமாபாத் நம் கையில் என்றார்கள். பாகிஸ்தான் ராணுவத் தளபதி கைது என்றார்கள். இந்தி, ஆங்கில சேனல்களில் ஓடியதெல்லாம் சுடச்சுட வாட்ஸ்அப்பிலும் வந்து விழுந்தது. வெள்ளாற்றங்கரையில் தூக்கம் போனது.

விடிந்தபோது கராச்சி துறைமுகம் அங்கேயே இருந்தது. இஸ்லாமாபாத்தும் இருந்தது. தளபதியும் பதவியில் இருந்தார்.

ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைப் பயங்கரவாதிகள் சுட்டுக் கொன்ற துயரம் யாருக்கும் ஆறவில்லை. மே 7 அதிகாலை 9 இடங்களில் இந்தியா தாக்கியது உண்மை. அதை நாட்டுக்கு விளக்கிய வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரியும், கர்னல் சோபியா குரேஷியும், விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் அளந்துதான் பேசினார்கள். ஊரைப் பிடித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. சொன்னது ஸ்டூடியோக்கள்தான்.

பழியை ஸ்டூடியோ மேல் மட்டும் போட்டுவிட முடியுமா? "இன்னும் உறுதியாகவில்லை" என்று ஒரு சேனல் சொன்னால் ரிமோட் அடுத்த சேனலுக்குப் போகிறது. "ஜெயிச்சாச்சு" என்று கத்துகிற இடத்தில் நிற்கிறது. எங்கே நிற்கிறோமோ அங்கே விளம்பரம் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இந்தியப் பெண் விமானி ஒருவர் பிடிபட்டதாக அங்கிருந்து ஒரு செய்தி கிளம்பியது. அது பொய் என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை கண்டறியும் பிரிவு மறுக்க வேண்டியிருந்தது.

இதில் நிஜமாகவே அடிபட்டவர்களும் உண்டு. மே 7-ல் பாகிஸ்தான் குண்டுவீச்சில் காஷ்மீரின் பூஞ்ச் நகரில் ஒரு மதரஸா ஆசிரியர் இறந்தார். நம் சேனல்கள் சில அவர் படத்தைப் போட்டு, 'இந்தியத் தாக்குதலில் செத்த பயங்கரவாதி' என்றன. அவர் உள்ளூர்க்காரர், அப்பாவி என்று பூஞ்ச் போலீசாரே அறிக்கை விட்டார்கள். அடுத்த மாதம் சேனல்கள் மீது வழக்குப் பதியச் சொல்லி அங்குள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் அந்தப் படம் எத்தனை போன்களுக்குப் போயிருக்கும்? அழுதுகொண்டிருந்த வீட்டில் அவமானத்தையும் சேர்த்து இறக்கினோம்.

இன்னொரு விளைவும் உண்டு. வெற்றியை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு இழப்பு என்ற சொல்லே பிடிக்காது. போரில் நாமும் விமானங்களை இழந்தோம் என்று முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் சிங்கப்பூரில் சொன்னது மே 31-ல். சண்டை நின்று மூன்று வாரம் கழித்து. அதுவரை அதைப் பற்றிக் கேட்டவர்களைத் தேசத்துரோகி என்று திட்டியவர்கள் நிறையப் பேர்.

பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருக்கும் அம்மா, 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் நடப்பதை அந்தத் திரையில்தான் பார்க்கிறாள். அவளுக்குக் கராச்சி வேண்டாம். பிள்ளை இருக்கிற முகாம் பக்கம் என்ன நடக்கிறது என்ற ஒரு சரியான வரி போதும். பொய் நிறைந்த ராத்திரியில் அவளுக்குக் கிடைக்காமல் போவது அந்த வரிதான்.

அடுத்த முறை இப்படி ஒரு ராத்திரி வந்தால், மனசு குளிரும் செய்தியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். யார் பார்த்தது, யார் சொன்னது என்று அதில் இல்லையென்றால், ஃபார்வர்ட் செய்யாமல் காலை வரை பொறுக்கலாம். மார்க் ஷீட் வரும் முன்பே பாஸ் என்று யாரும் பாயசம் வைப்பதில்லையே!