பாலஸ்தீனத்தின் காந்தியைத் தேடுவோருக்கு

பாலஸ்தீனம் பேசப்படும் கருத்தரங்குகளில் எவரேனும் ஒருவர் எழுந்து, “அங்கே ஏன் ஒரு காந்தி தோன்றவில்லை?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவையும் தலையசைக்கிறது. பொதுமக்கள் கேட்டால் அறியாமை என்று விட்டுவிடலாம். வரலாற்றுத் துறையினர் கேட்பதை அப்படி விடுவதற்கில்லை.

பெத்லகேமை அடுத்த சிற்றூர் பெய்த் சாஹூர். முதல் இன்திஃபாதாவின்போது அவ்வூரார் இராணுவ நிர்வாகத்துக்கு வரி செலுத்த மறுத்தனர். அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தனர். இஸ்ரேலியப் பாலை நம்பியிராதிருக்க 18 பசுக்களை வாங்கி வளர்த்தனர். அப்பசுக்கள் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று இராணுவம் அவற்றைத் தேடி அலைந்தது (இது கட்டுக்கதையன்று). 1989 இலையுதிர்காலத்தில் ஊர் ஏறத்தாழ ஆறு வாரங்கள் முற்றுகையிடப்பட்டது. வரிக்கு ஈடென்று வீட்டுப் பொருள்களும் பட்டறை இயந்திரங்களும் அள்ளிச் செல்லப்பட்டன. அவற்றைத் திருப்பித்தரக் கோரும் தீர்மானம் அவ்வாண்டு நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வந்தது. 14 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா தனது தடை வாக்கால் அதை வீழ்த்தியது. பர்தோலியில் 1928இல் பறிமுதலான எருமைகளைப் பற்றித் தேர்வெழுதித் தேறியவர்களுக்கு இப்பசுக்கள் மட்டும் கண்ணில் படாதது வியப்பே.

அறவழிப் போராட்டத்தைப் பரப்ப ஜெருசலேமில் ஆய்வு மையம் நிறுவிய முபாரக் அவாதை இஸ்ரேல் 1988 ஜூனில் நாடுகடத்தியது. காந்தியைத் தேடியவர்கள் அவரை அமெரிக்காவில் தேடியிருக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், ஊர்தோறும் வகுப்புகளும் விநியோகமும் நடத்திவந்த மக்கள் குழுக்கள் தடைசெய்யப்பட்டன. 1967ஆம் ஆண்டின் 101ஆம் இராணுவ ஆணைப்படி, பத்துப்பேர் அரசியல் நோக்கில் அனுமதியின்றிக் கூடினாலே பத்தாண்டுவரை சிறை. உப்புக் காய்ச்சப் புறப்படுவது இருக்கட்டும், முதலில் கூட வேண்டுமே!

இரண்டாம் இன்திஃபாதாவின் தற்கொலைத் தாக்குதல்களை மறைக்க வேண்டியதில்லை. அவை கண்டிக்கத்தக்கவை. ஆனால் அவற்றை மட்டும் ஆவணமாக்கி, வரிமறுப்பையும் கடையடைப்பையும் அடிக்குறிப்பிலும் சேர்க்காத ஆய்வை நடுநிலை என்பது எப்படி? இந்திய விடுதலை வரலாற்றில் துப்பாக்கி ஏந்தியோர் இருந்ததனால் எவரும் உப்புச் சத்தியாகிரகத்தை இல்லாததாக்கவில்லை.

தம் நிலத்தை விழுங்கிய தடுப்புவேலிக்கு எதிராகப் பில்இன் மக்கள் 2005 முதல் வெள்ளிதோறும் நடந்தனர். 2007இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றமே வேலியின் தடத்தை மாற்ற ஆணையிட்டது. 2011இல்தான் வேலி நகர்ந்தது. இடையே 2009 ஏப்ரலில், ஆயுதமின்றி நின்ற அவ்வூர்க்காரர் ஒருவர் கண்ணீர்ப்புகைக் குண்டு நெஞ்சில் பாய்ந்து இறந்தார். போதிய ஆதாரமில்லை என்று இராணுவம் அக்கோப்பை மூடிவிட்டது.