எலும்புவழிக் கேட்கும் கருவி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்: பிறவியில் செவித்துளை அமையாத குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தார்.

பெறுநர்: செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

செவிமடல் சிறுத்தோ, செவித்துளையே இன்றியோ பிறந்த குழந்தைகளின் தாய் தந்தையராகிய நாங்கள், எங்கள் மக்களின் கல்வியையும் எதிர்காலத்தையும் முன்னிட்டு இம்மனுவைத் தங்கள் சமூகத்தில் சமர்ப்பிக்கின்றோம். இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உட்செவி ஆரோக்கியமாகவே இருக்கிறது. ஒலி உட்புகும் வாசல் மாத்திரம் அடைபட்டிருக்கிறது. சாதாரணக் காது மெஷினைத் தாங்க மடலும் இல்லை, செருகத் துளையும் இல்லை. உட்செவி நலமாயிருப்பதால் காக்ளியர் இம்ப்ளான்ட்டும் இவர்களுக்குரிய சிகிச்சையன்று.

இவர்களுக்கான பரிகாரம் புதியதன்று. டைட்டேனியம் உலோகம் உயிருள்ள எலும்போடு ஒன்றிப் பிணையும் என்று ஸ்வீடன் தேசத்துப் பிரானெமார்க் கண்ட உண்மையை ஆதாரமாகக் கொண்டு, கோதன்பர்க் நகரில் 1977ஆம் ஆண்டு டியெல்ஸ்ட்ரோம் என்ற செவி மருத்துவர், காதுக்குப் பின்புற எலும்பில் சிறு திருகாணியைப் பதித்து, அதன்மேல் அதிர்வுக் கருவியைப் பொருத்தி, ஒலியை மண்டையோட்டின் வழியே உட்செவிக்குச் செலுத்தினார். எலும்பு போதிய தடிப்பு அடையும் வரை, அதாவது சுமார் 5 வயது வரை, அறுவை சிகிச்சையின்றி, அக்கருவியையே மென்மையான தலைப்பட்டையில் கோத்துக் கைக்குழந்தைக்கும் அணிவிக்கலாம். பேச்சு வளரும் ஆண்டுகள் அவையே என்பதால், அந்தப் பட்டையையே முதலாவதாக வேண்டுகிறோம்.

இதன் பயனைப் பரிசோதனைத் தாளில் மாத்திரம் காண இயலாது. எங்கள் குழந்தைகளில் 2ஆம் வகுப்பு படிக்கும் ஒருத்தி, ஆசிரியை முகம் பார்த்துப் பேசினால் சரியாகப் பதில் சொல்வாள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று 'சொல்வதை எழுதுக' நடத்தினாலோ, அடுத்தவள் நோட்டை எட்டிப் பார்ப்பாள். காப்பியடிக்கிறாள் என்று வசவு வாங்குவாள். பட்டை அணிந்த பின் தானே கேட்டு எழுதுகிறாள். தெருவில் பின்னாலிருந்து தோழி கூப்பிட்டால் திரும்புகிறாள். ஆயினும் காதை மறைக்கக் கூந்தலை இழுத்துவிட்டுக்கொள்ளும் வழக்கம் போகவில்லை. கேலியை எந்தக் கருவியும் தீர்க்காது. அதற்கு ஆசிரியர்களின் ஆதரவே வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு செவிகளிலும் 60 டெசிபல் முதல் கேட்கும் திறன் குறைந்தோரையே செவிக்குறைபாடுள்ளோராகக் கணக்கில் கொள்கிறது. செவித்துளை அடைப்பால் நேரும் குறைவு பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டியே நிற்பதால், ஒரு பரிசோதனையில் தகுதி பெறும் குழந்தை, சில டெசிபல் வித்தியாசத்தில் மறு பரிசோதனையில் அதை இழக்கக்கூடும். ஒரு செவி மாத்திரம் அடைபட்ட குழந்தைக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. இது எங்கள் அபிப்பிராயத்தில் பெரும் அநீதி. ஆகவே மாற்றுத்திறனாளிச் சான்றிதழையன்றி, செவி மருத்துவரின் பரிந்துரையையே தகுதியாகக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கருவி அளித்த அன்றோடு கடமை தீர்வதுமில்லை. பாட்டரி அடிக்கடி தீரும். ஓடியாடும் பிள்ளையிடம் கருவி பழுதாகும். தோலுக்கு வெளியே நீளும் திருகாணியைச் சுற்றி நாள்தோறும் சுத்தம் செய்யாவிடில் புண்ணாகும். ஆதலால் பட்டை, அறுவை சிகிச்சை, கருவி, பாட்டரி, பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தின் செலவையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாக முழுமையாக ஏற்று, மாவட்ட இடையீட்டு சேவை மையங்களிலேயே பிறந்த சில மாதங்களுக்குள் பட்டை கிடைக்க ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் பிரார்த்திக்கின்றோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள்