சுருட்டு விற்கும் கடைக்காரர் சுருட்டை அறிய வேண்டாமா?

நமது கடைகளில் உள்ள சரக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாத வியாபாரி நம்மில் யாரும் இல்லை. துவரம் பருப்பு எந்தப் பக்கத்துச் சரக்கு என்று கேட்டால் சொல்வோம். மிளகாய் வற்றல் சம்பாவா குண்டா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே சொல்வோம். உடன்குடிக் கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்பதை ஒரு விள்ளல் வாயில் போட்டதும் சொல்லிவிடுவோம். ஆனால் கல்லாவுக்குப் பின்னால், தீப்பெட்டிக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவில் செருகிக் கிடக்கும் சுருட்டுக் கட்டைப் பற்றி மட்டும் "இது சின்னது, அது பெரிசு" என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், தோணியில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், என் கடையில் முதல் நாள் வாங்கிய சுருட்டில் பாதியைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தார். "அண்ணாச்சி, இதை நீங்களே ஒருதரம் பத்த வச்சுப் பாருங்க. காஞ்ச ஓலை மாதிரி எரியுது. போதாக்குறைக்கு மல்லி வாசம் வேற" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். சுருட்டுக் கட்டு மல்லி மூட்டையை ஒட்டித்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் கப்பலோட்டியவருக்கு நான் விற்ற சரக்கின் லட்சணம் அது.

இதை எழுதுவது சுருட்டுக்கு விளம்பரம் செய்வதற்காக அல்ல. புகையிலை விளம்பரத்தை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, அது சரியான தடைதான். சுருட்டு கெட்ட பழக்கம் என்று சொல்லும் நம் வீட்டுப் பெண்களோடு வாதாடவும் நான் வரவில்லை. அவர்கள் சொல்வதில் தவறில்லை. என் கட்சி வேறு. ஒரு பொருளை விற்பது என்று முடிவு செய்தால் அதை அறிந்து, ஒழுங்காக வைத்து, உண்மையைச் சொல்லி விற்க வேண்டும். முடியாதென்றால் அந்தச் சரக்கையே எடுத்துவிட வேண்டும். நாம் இப்போது செய்வது இரண்டும் இல்லை.

நல்ல சுருட்டு என்பது என்ன? உள்ளே நீளவாக்கில் மடித்து வைக்கும் இலை ஒன்று, அதைப் பிடித்து நிறுத்தும் கட்டு இலை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றும் மெல்லிய, நரம்பு தெரியாத இலை ஒன்று. உள்ளே வைப்பதை இறுக்கினால் புகை வராது. தளர விட்டால் சடசடவென்று எரிந்து நாக்கைச் சுடும். மட்டச் சரக்கில் உள்ளே இருப்பது இலையே அல்ல, துண்டும் தூளும்தான். விரலால் மெல்ல அழுத்தினால் சற்று அமுங்கி மீண்டு வர வேண்டும். காதருகே வைத்து உருட்டினால் நொறுங்கும் சத்தம் கேட்கக் கூடாது. முழு இலை வைத்துச் சுற்றியதென்றால் சாம்பல் ஓர் அங்குலம் வரைகூட உதிராமல் நிற்கும்.

மென்மை எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலரும் தவறாக நினைக்கும் விஷயம். கறுத்த சுருட்டு காரம், வெளுத்த சுருட்டு மென்மை என்று நானும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்தேன். அப்படியில்லை. மேலிலை கறுப்பது பெரும்பாலும் பாடம் போட்ட நாளையும் சூட்டையும் பொறுத்தது. காரம் இலை செடியில் இருந்த இடத்தைப் பொறுத்தது. அடி இலையில் காரம் குறைவு, உச்சி இலையில் அதிகம். அடுத்தது பாடம் போடுகிற பொறுமை. காய்ந்த இலையைக் கட்டுக் கட்டாக அம்பாரம் போட்டால் உள்ளே தானாகச் சூடு ஏறும். ஏறியதும் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். மறுபடி சூடு, மறுபடி பிரிப்பு. இப்படி வாரக்கணக்கில் போனால்தான் அம்மோனியா நெடி வெளியேறித் தொண்டையைக் கமறாத புகை கிடைக்கும். இதில் யாராவது அவசரப்பட்டால் அடுத்த கட்டத்தில் எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினாலும் சரிவராது.

பிடிக்கிறவர் செய்ய வேண்டியதும் உண்டு. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்திருந்து விடுவதுதான் முறை. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அடிக்கடி இழுத்தால் சூடேறிக் கசக்கும். நம் தண்டல் பெரியவர் இரவுச் சாப்பாடு முடிந்து, கடற்காற்று வரும் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கருப்பட்டிக் காப்பியோடு உட்காருவாராம். அது எரிந்து முடிகிற முக்கால் மணி நேரமும் வீட்டில் யாரும் அவரிடம் கணக்குக் கேட்கக் கூடாது. அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் மல்லி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கெடுத்தேன்.

இது நமக்கு அந்நியமான சரக்கும் அல்ல. ஆங்கிலேயர் சொல்லும் 'செரூட்' நம் சுருட்டுதான். போர்த்துக்கீசியரின் 'சாருட்டோ'வும் அதுவே. 16-ஆம் நூற்றாண்டில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கியவர்கள் அவர்கள்தானே. திண்டுக்கல் பக்கத்து இலையைக் கொண்டு திருச்சி உறையூரில் சுற்றிய சுருட்டு 'திருச்சினாப்பள்ளி' என்ற பெயரிலேயே லண்டன் வரை போயிற்று. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்கிறார். சீமையில் கதை படிக்கும் சாதாரண வாசகனுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. சர்ச்சில் நம் சுருட்டைத்தான் பிடித்தார் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அவர் பெரிதும் விரும்பியது கியூபா சுருட்டு. இல்லாத பெருமையைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் உறையூருக்கு இல்லை.

அக்கரையில் யாழ்ப்பாணத்தார் இதையே பெரிய வியாபாரமாக்கினார்கள். சிங்களப் பகுதிகளில் ஊருக்கு ஊர் அவர்களுடைய சுருட்டுக் கடை இருந்தது. அங்கே சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். கியூபாவிலும் 1865 முதல் இதே வழக்கம் உண்டு. அங்கே வாசித்த நாவல்களின் பெயர்களே பிறகு சுருட்டுகளின் பெயர்களாயின. மாண்டி கிறிஸ்டோ அப்படி வந்ததுதான். கியூபாக்காரர் அந்தப் பெயரை உலகச் சந்தையில் காப்பாற்றினார். நாம் திருச்சினாப்பள்ளி என்ற பெயரைக் காப்பாற்றவில்லை. வெள்ளைக்காரர் போனதும் வாங்கும் கை போயிற்று, பீடியும் சிகரெட்டும் வந்தன என்பார்கள். உண்மைதான். ஆனால் சுற்றுகிறவரிடம் கட்டுக்குக் கட்டு விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டது யார்? நாம்தான். விலை குறைந்ததும் முழு இலை துண்டாயிற்று, துண்டு தூளாயிற்று. முத்தைப் பத்து வகைப் பித்தளைச் சல்லடையில் சலித்து, அதற்குப் பிறகு ஒளியையும் உருட்சியையும் பார்த்துத் தரம் பிரித்த ஊர் இது. கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை அந்தக் கண் இங்கே இருந்தது. சுருட்டுக்கு மட்டும் பெரிசு, சின்னது என்ற இரண்டே தரம்!

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "இது மைல்டு, உடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்று நம்மில் பலர் வாய் கூசாமல் சொல்கிறோம். அது பொய். மென்மை என்பது நாக்குக்குத் தெரிகிற குணம், உடம்புக்குக் கிடைக்கிற சலுகை அல்ல. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலைகூட இருக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும். ஆந்திரக் கடற்கரையில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் புண்ணும் புற்றும் வருவதை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். 'மைல்டு', 'லைட்' போன்ற சொற்கள் மக்களை ஏமாற்றும் என்பதால் அவற்றைத் தடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலை உடன்படிக்கையே கூறுகிறது. 2004-இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆகவே வாடிக்கையாளர் கேட்டால் "காரம் குறைவு, கெடுதி குறைவு என்று சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதனால் வியாபாரம் ஒன்றிரண்டு குறையலாம். குறையட்டும்.

இனி வைப்பு முறை. நம் ஊர்க் காற்று சுருட்டுக்கு இரண்டு வகையில் பகை. ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தால் ஒரே வாரத்தில் சருகாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வரை இருப்பதுதான் அதற்கு ஏற்றது. இதற்கு வெளிநாட்டுப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். இறுக மூடும் பெட்டி ஒன்று போதும், மரப்பெட்டியானால் இன்னும் நல்லது. ஈரம் கொடுக்க நம் உப்பளத்து உப்பே இருக்கிறது. ஒரு சிறு கிண்ணத்தில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறு பதத்துக்கு நீர் தெளித்து மூடிய பெட்டிக்குள் வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். அது சற்று அதிகம். அதனால் நான் வாரத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டு எடுத்துவிடுகிறேன். உப்பு சுருட்டில் படக் கூடாது.

மல்லிக்குப் பக்கத்தில் ஏன் வைக்கக் கூடாது என்பதற்கு வாசம் மட்டும் காரணமல்ல. புகையிலையைத் துளைக்கும் அந்தச் சிறு பழுப்பு வண்டுதான் மல்லி, மஞ்சள், மிளகாய் வற்றலிலும் விழுகிறது. சுருட்டில் ஊசி குத்தியது போல ஓட்டை தெரிந்தால் அன்றைக்கே பக்கத்து மூட்டைகளையும் பிரித்துப் பாருங்கள். ஒரு கட்டுச் சுருட்டினால் ஒரு மூட்டை மஞ்சள் போன கதை நம் வட்டாரத்தில் உண்டு. கருவாடு, மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் இருக்கிறது. "அப்பா வாங்கிட்டு வரச் சொன்னார்" என்று வருகிற பையனைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்தான், அப்பா நம் பழைய வாடிக்கையாளராக இருப்பார். இருந்தாலும் அனுப்பத்தான் வேண்டும். கட்டைப் பிரித்து ஒற்றையாக விற்கும்போது உறையில் உள்ள எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கண்ணில் படுவதே இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

மொத்த வியாபாரிகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சுருட்டு எந்த மாதம் சுற்றியது என்பது உறையில் தெளிவாக இருக்கும் சரக்கை மட்டும் அனுப்புங்கள். விற்காத பழைய கட்டைப் புதியதோடு கலந்து தள்ளிவிடாதீர்கள். முழு இலை வைத்துச் சுற்றுகிறவருக்கு அதற்குரிய கூலி கிடைக்கும்படி விலை வையுங்கள். நாங்களும் அந்த விலைக்கே வாங்குகிறோம். பத்து மட்டக் கட்டு வாங்குகிற இடத்தில் இரண்டு நல்ல கட்டு வாங்கினால் முதலீடும் முடங்காது.

அந்தத் தண்டல் பெரியவர் இன்றும் வருகிறார். வாரத்துக்கு ஏழு வாங்கியவர், டாக்டர் கண்டித்த பிறகு இரண்டுக்கு வந்துவிட்டார். பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் காதருகே வைத்து உருட்டிப் பார்க்கிறார்.