கருவி அறிந்து கதை செய்க

தமிழில் அறிவியற் புனைகதை எழுதுவார் தொகை பெருகி வருகின்றது. வரவேற்கத்தக்க வளர்ச்சியே இது. ஆயினும் அக்கதைகளிற் பலவற்றில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகின்றது. அறிஞர் ஒருவர் கைக்கடக்கமான பெட்டியொன்றை எடுக்கிறார், பொத்தானை அழுத்துகிறார், செவ்விளக்கு மின்னுகின்றது. "உலகம் இதுவரை அறியாத துகள் ஒன்று இவ்வறையில் உள்ளது" என்று அறிவிக்கிறார். உடன் நிற்போர் வியந்து வாய் பிளக்கின்றனர். கதையும் நகர்ந்துவிடுகின்றது. அப்பெட்டி அத்துகளை எவ்வாறு அறிந்தது? பிற துகள்களிலிருந்து எவ்வாறு பிரித்துணர்ந்தது? ஒருமுறை மின்னிய விளக்கை எவ்வாறு நம்புவது? இவ்வினாக்களுக்கு விடையில்லை. பெட்டிக்கு நீண்டதோர் ஆங்கிலப் பெயர் மட்டும் இருக்கின்றது.

மந்திரக்கோலுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டிவிட்டால் அஃது அறிவியற் கருவியாகிவிடாது. புனைகதை பொய் சொல்லலாம். அஃது அதன் உரிமை. ஆனால் அந்த ஒரு பொய்யைத் தாங்க ஒன்பது மெய்கள் தூணாக நிற்றல் வேண்டும். அவ்வொன்பதையும் அறியாதவரே ஆங்கிலப் பெயருக்குப் பின்னால் ஒளிகின்றனர். பொருள் விளங்காத அயற்சொல் எழுதுவோரின் அறியாமையையும் மறைக்கும். படிப்போரின் வினாவையும் அடக்கும். அதனையே தமிழாற் சொல்ல முற்படுவார், அக்கருவி என்ன செய்கின்றது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். அறியாமல் தமிழ்ப்பெயர் அமைக்க இயலாது. தனித்தமிழ் அறிவியலுக்குத் தடை என்பார் இக்கருத்தை நன்கு எண்ணிப் பார்ப்பாராக.

முதல் மெய் இது: எந்தக் கருவியும் துகளைக் காண்பதில்லை, துகள் விட்டுச் சென்ற சுவட்டையே காண்கின்றது. யானையைக் காணாத வேடன், முறிந்த கிளையையும் அழுந்திய மண்ணையும் கண்டு யானை சென்ற வழியை அறிவது போன்றதே இது. இசுக்காத்துலாந்து அறிஞர் வில்சன் 1911ஆம் ஆண்டில் தாம் அமைத்த முகிற்கூடத்தில் இச்சுவட்டைக் கண்ணாற் காணச் செய்தார். மின்னூட்டம் பெற்ற துகள் ஈரம் செறிந்த வளியினூடே பாயும்போது, அதன் வழிநெடுகப் பனித்துளிகள் திரண்டு வெண்கோடாகத் தோன்றும். கண்ணாடித் தொட்டியும் எரிசாராயம் நனைத்த கம்பளித்துணியும் அடியில் வைக்க உறைந்த கரிவளியும் கிடைப்பின், ஊர்ப்புறப் பள்ளியிலும் இதனைச் செய்து காட்டலாம்.

அவ்வாறு செய்து பார்த்தவர்க்கு இரண்டாம் மெய் தானே விளங்கும். வானத்திலிருந்து துகள்கள் ஓயாமற் பொழிந்துகொண்டிருக்கின்றன. விண்கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பரப்பில் மோத, அம்மோதலில் விளையும் மியுவான் என்னும் துகள்கள் நிலத்தை வந்தடைகின்றன. கீரனூர்க் கடைத்தெருவில் நிற்கும் ஒருவர் உள்ளங்கையை விரித்து நீட்டினால், ஏறத்தாழ நொடிக்கு ஒரு மியுவான் வீதம் அதனை ஊடுருவிச் செல்லும். எனவே கதையில் வரும் அவ்வறிஞரின் பெட்டி உண்மையானதாயின், அதன் செவ்விளக்கு ஓயாது மின்னிக்கொண்டேயிருக்கும்! துகள் உண்டு என்பதை அறிவது அரிதன்று; வேண்டிய துகளை வேண்டாதவற்றினின்று பிரிப்பதே அரிது.

அப்பிரிப்பு எவ்வாறு நடக்கின்றது என்பதைக் காண அயல்நாடு செல்ல வேண்டா. உதகையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் சப்பானிய அறிஞரும் சேர்ந்து அமைத்த கிரேப்சு-3 என்னும் ஆய்வுக்களம் உள்ளது. அங்கு 6 மீட்டர் நீளமுள்ள 3,712 இரும்புக் குழாய்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குழாயிலும் வளி நிரப்பி, நடுவே மெல்லிய கம்பியிழுத்து, அதற்கு உயர் மின்னழுத்தம் ஊட்டியுள்ளனர். துகள் பாயும்போது வளியினின்று பெயரும் மின்னணுக்கள் கம்பியை நோக்கி ஓட, ஒரு மின்துடிப்பு எழும். குழாய்களின் மேல் 2 மீட்டர் உயரத்திற்குக் கற்காரைப் பாளங்கள் உள்ளன. ஏனைத் துகள்களில் மிகப்பல அவற்றில் அடங்கிவிட, வலிய மியுவான்களே கீழிறங்கும். குழாய் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக அமைத்திருப்பதால், துகள் வந்த திசையும் புலனாகும். இக்களம் 2014ஆம் ஆண்டு திசம்பர் 1ஆம் நாள், தன் மேலே கடந்த இடிமுகிலொன்றால் மியுவான் வரவு சற்றே குறைந்ததைப் பதிவு செய்தது. அக்குறைவைக் கொண்டு அம்முகிலின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட்டு எனக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டனர். தமிழ்நாட்டு மலையொன்றில் நிகழ்ந்த இச்செய்தியிற் கதைக்குரிய வியப்பு இல்லையா?

மூன்றாம் மெய்யைச் சொல்லே கற்பிக்கின்றது. நியூத்திரினோ என்பது மின்னூட்டமற்ற நுண்துகள். 'சிறு நடுநிலைத் துகள்' என்பதே அவ்வித்தாலியச் சொல்லின் பொருள். பகையும் நட்பும் அல்லாத நிலையைப் பழந்தமிழ் உரையாசிரியர் நொதுமல் என்றனர். அவ்வடியாக நுண்ணொதுமி எனின், பெயரிலேயே துகளின் இயல்பு விளங்கிவிடும். அது பொருள்களோடு உறவாடாது. அயலார் போல ஊடுருவிச் சென்றுவிடும். கதிரவனிலிருந்து வரும் நுண்ணொதுமிகள் ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்பில் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி பாய்ந்தும் உடலுக்கு யாதொன்றும் நேர்வதில்லை. உறவாடாத ஒன்றைப் பிடிக்கக் கைப்பெட்டி போதுமா? போதாது. பெரும் பொருட்குவியலை அதன் வழியில் வைத்து, என்றோ ஒன்று மோதும் எனக் காத்திருத்தல் வேண்டும். பிற துகள்களின் இரைச்சல் எட்டாதவாறு நிலத்தடியிலும் புகுதல் வேண்டும். கோலார் தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவிகளை வைத்தே, வளிமண்டலத்திற் பிறந்த நுண்ணொதுமியின் விளைவை 1965இல் கண்டனர். தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக உழைத்த சுரங்கம் அது. 1987இல் அயல் விண்மீன் கூட்டமொன்றில் ஒரு விண்மீன் வெடித்தபோது, சப்பானில் 3,000 டன் நீர் நிரப்பிய காமியோகாண்டே கருவி பதிந்த நுண்ணொதுமிகள் வெறும் 11. ஒரு விண்மீனின் இறப்புக்குப் பதினொரு சான்று! இவ்வருமையை உணர்ந்த எழுத்தாளர் தம் கதையில் ஆயிரக்கணக்கில் விளக்குகளை மின்னவிடமாட்டார்.

மியுவான் என்பதற்கும் தமிழ்ச்சொல் வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். கிரேக்க எழுத்தொன்றின் பெயரால் அமைந்த வெறுங்குறி அது. பொருளற்ற குறியைத் தமிழொலிக்கேற்ப எழுதினால் அமையும். பொருளுடைய சொல்லுக்கே பொருளுடைய தமிழ்ச்சொல் கட்டாயம்.

இம்மெய்களை வைத்துக் கதை செய்வது எவ்வாறு? கீரனூருக்குத் தெற்கே, புதுக்கோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ள நார்த்தாமலையை ஒருவர் கதைக்களமாக எடுப்பதாகக் கொள்க. விசயாலய சோழீச்சரமும் குடைவரைகளும் உள்ள அப்பாறைக்குள், எவரும் அறியாத அறையொன்று மறைந்திருக்கின்றது என்பது கதையின் பொய். அதனை மியுவான் கொண்டு கண்டறிவது கதையின் மெய். எகிப்தில் காஃபரே கூம்பகத்தில் அல்வாரசு என்னும் அறிஞர் இவ்வாறு தேடி, மறைவான அறை அங்கு இல்லை என்று 1970இல் அறிவித்தார். கூஃபுவின் பெருங்கூம்பகத்தில் 30 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள வெற்றிடம் ஒன்று உள்ளதென 2017இல் இம்முறையாலேயே கண்டனர். மூன்று குழுவினர் மூவேறு வகைக் கருவிகளாற் கண்டு ஒத்துரைத்ததால் உலகம் அதனை ஏற்றது.

ஆகவே நார்த்தாமலைக் கதையிலும் சில கட்டுப்பாடுகள் தாமே வந்து அமையும். மியுவான் மேலிருந்தே வருமாதலால், கருவி தனக்கு மேலும் பக்கச் சரிவிலும் உள்ளதையன்றித் தன் அடியில் உள்ளதைக் காட்டாது; அதனை மலையடிவாரத்திலோ குடைவரைக்குள்ளோ வைத்தல் வேண்டும். கனத்த பாறையைக் கடந்து வருவன சிலவே என்பதால், திங்கட்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். ஒரு திசையில் எண்ணிக்கை சற்றே மிகுமானால், அஃது அறையா, பாறைப் பிளவா, பழுதுற்ற குழாயா என்னும் ஐயம் எழும். இக்கட்டுப்பாடுகள் கதையைக் கெடுப்பதில்லை. கதையே இவற்றிலிருந்துதான் பிறக்கின்றது. காத்திருப்பவரின் பொறுமையும், குழாயைக் கழற்றிப் பார்க்கும் இரவும், 'இல்லை' என்னும் விடையையும் ஏற்கும் நேர்மையும் செவ்விளக்கு தரமாட்டாத சுவையைத் தரும்.

கதையில் நேரும் பிழை கதையோடு ஒழிவதுமில்லை. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பாலான நுண்ணொதுமிக் கருவி அமைக்க 2015இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அம்மலையும் காடும் நீர்வளமும் என்னாகும் என்று மக்கள் எழுப்பிய வினாக்கள் உண்மையானவை. அத்திட்டம் வேண்டா எனத் தமிழ்நாட்டரசும் 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆயின் அவ்வினாக்களோடு கலந்து, அக்கருவியே கொடிய கதிர்களை உமிழும் என்னும் அச்சமும் பரவியது. வருவதை வாங்கிப் பதியும் கருவி, எதனையும் உமிழாது. கண்டறி கருவிக்கும் வெடிகலத்திற்கும் வேறுபாடு அறியாதவாறு மக்களை விட்டது எவர் குற்றம்? அவ்வேறுபாட்டை எளிய தமிழில் ஊர்தோறும் கொண்டு சென்ற எழுத்தாளர் மிகச் சிலரே. மண்ணைக் காக்க எழும் குரல் மெய்யான கரணியங்களை மட்டும் சொல்லுமாயின், எவராலும் அதனை எளிதில் தள்ள இயலாது. பொய்யச்சம் ஒன்று கலந்துவிட்டால், எதிர்ப்பார் அதனையே பற்றிக்கொண்டு உண்மை வினாக்களையும் நகையாடி ஒதுக்குவர்.

ஆகவே தமிழ் இளைஞர் அறிவியற் கதை எழுதப் புகுமுன், தம் கதையில் வரும் கருவியின் வேலையைத் தூய தமிழிற் பத்து வரியில் எழுதிப் பார்ப்பாராக. எதனைப் பிடிக்கின்றது, எவ்வாறு பிடிக்கின்றது, எதனைப் பிடிக்காது, எவ்வளவு காலம் காத்திருக்கும் என்னும் நான்கிற்கும் அதில் விடை இருத்தல் வேண்டும். பத்து வரி எழுத வராவிடில், கதையைச் சற்று நிறுத்திவைத்து மீண்டும் கற்பாராக. ஆசிரியர்களும் மாணவரிடம் இப்பயிற்சியைச் செய்விக்கலாம். தமிழில் விளக்க முடிந்த கருவியே தமிழ்க் கதையில் நம்பத்தக்கதாக இயங்கும்.