தற்காலிகக் குழாய், தற்காலிகத் தொழிலாளி

"தோ தின் கா காம் ஹை, பாய்!"

ஷட்-டவுன் வேலைக்குப் போய்வந்த நம்மவர் எவருக்கும் இந்த வாசகம் புதிதல்ல. ஒரு பாத்திரம் பழுதாகிவிட்டது. புதியது வர நாளாகும். ஆனால் உற்பத்தி நிற்கக்கூடாது. சூபர்வைசர் ஒரு காகிதத் துண்டில் நாலு கோடு இழுத்துக் காட்டுகிறார்: "இங்கிருந்து அங்கே ஒரு லைன் போடு. டெம்பரவரிதான்." டிராயிங் எங்கே என்று கேட்டால் சிரிப்பு. கணக்கு எங்கே என்று கேட்டால் மறுநாள் கேட்-பாஸ் கிடையாது.

இந்த 'டெம்பரவரி'க்கு விலை கொடுப்பவர் யார்? அதைக் கேட்கவே இக்கட்டுரை.

தொழிற்சாலைக் குழாய் என்பது வீட்டுத் தண்ணீர்க் குழாய் அல்ல. அதற்கென்று எழுதி வைத்த சட்டம் இருக்கிறது. நீராவிக் குழாய்க்கு 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகள். சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலைக் குழாய்களுக்குப் பெரும்பாலும் ஏ.எஸ்.எம்.இ. பி 31.3 என்னும் விதிநூல். இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1905-இல் அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு செருப்பு ஆலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலம் சட்டம் போட்டது. பொறியாளர் சங்கமும் கொதிகலன் விதிநூலை எழுதியது. அதே சங்கம் 1926-இல் குழாய்க்கான விதிகளைத் தொகுக்கத் தொடங்கி, 1935-இல் முதல் பதிப்பை வெளியிட்டது. விதிநூலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் செத்துப்போன தொழிலாளியின் ரத்தம் காய்ந்து கிடக்கிறது!

அந்தப் புத்தகம் கேட்பது என்ன? உள்ளே எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு? அதைத் தாங்கக் குழாயின் கனம் எவ்வளவு வேண்டும்? துரு தின்பதற்கு எவ்வளவு கூட்டி வைத்தாய்? ஆலையிலிருந்து வரும் குழாய் சொன்ன கனத்தைவிட எட்டில் ஒரு பங்கு மெலிந்திருக்கலாமே, அதையும் சேர்த்தாயா? சூட்டில் இரும்பு நீளுமே, அதற்கு இடம் விட்டாயா? 50 மீட்டர் இரும்புக் குழாயில் 200 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளும். வளைவும் இல்லாமல், சரியான தாங்கலும் இல்லாமல் இறுக்கிக் கட்டினால் அது எங்கேயாவது பிய்த்துக்கொள்ளத்தான் செய்யும். கடைசியாக, வடிவமைத்த அழுத்தத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தண்ணீர் அழுத்தம் ஏற்றிச் சோதித்துக் காட்டு என்கிறது. 'டெம்பரவரி' என்று சொன்னால் கணக்கு வேண்டாம் என்று எந்த விதிநூலிலும் எழுதியிருக்கவில்லை!

கணக்கில்லாமல் போட்ட தற்காலிகக் குழாய் என்ன செய்யும்? கேளுங்கள். இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில் நைலானுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. வரிசையாக ஆறு பாத்திரங்கள். 1974 மார்ச்சில் ஐந்தாவதில் வெடிப்பு கண்டது. அதைக் கழற்றிவிட்டு, நாலாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே 20 அங்குல மாற்றுக் குழாய் ஒன்றைப் போட்டார்கள். பாத்திரங்களின் வாயோ 28 அங்குலம்; இரண்டு வாயும் ஒரே உயரத்தில் இல்லை. ஆகவே குழாயை முழங்கைபோல் ஒடித்து, இரு முனையிலும் மடிப்புக் குழாயான பெல்லோஸை வைத்தார்கள். வரைபடம்? பட்டறைத் தரையில் சாக்கட்டியால் போட்ட கோடு! தாங்கல்? சாரக்கட்டுக் கம்பி! நாட்டில் இருந்த குழாய் விதிநூலை யாரும் புரட்டவில்லை. உள்ளழுத்தம் அந்த மடிப்புகளை முப்பது டன்னுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும் என்று கணக்குப் போடவும் ஆளில்லை. ஆலையின் தலைமைப் பொறியாளர் நாற்காலி அப்போது காலி. பாதுகாப்பு வால்வு திறக்கும் அழுத்தம் 11 கிலோ. குழாயைச் சோதித்ததோ 9 கிலோவில்.

இரண்டு மாதம் ஓடியது. "பார்த்தாயா, ஓடுகிறதே!" என்றுதானே சொல்லியிருப்பார்கள்? 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை, குழாய் பிய்ந்தது. ஆவி மேகம் தீப்பற்றி வெடித்தது. 28 பேர் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். வாரநாளாக இருந்திருந்தால் சாவு எத்தனை மடங்கோ!

வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் போபாலை நினையுங்கள். 1984 டிசம்பர் 2 இரவு தொட்டிக்குள் தண்ணீர் எந்த வழியாகப் புகுந்தது என்பதில் கம்பெனி ஒரு கதை சொல்கிறது. குழாயைக் கழுவும்போது தடுப்புத் தகடு போடப்படவில்லை என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றில் ஐயமே இல்லை: கசிந்த வாயுவை எரித்துத் தீர்க்க வேண்டிய எரிகோபுரம் அன்று வேலை செய்யவில்லை. ஏன்? அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டு துருப்பிடித்துக் கழற்றப்பட்டிருந்தது. மாற்றுக் குழாய் பொருத்தப்படவில்லை. ஒரு துண்டுக் குழாய், தோழர்களே! சுவருக்கு வெளியே குடிசைகளில் உறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆலைச் சுவரை ஒட்டி யார் குடியிருக்கிறார்கள்? நம்மைப்போல் பிழைக்க வந்தவர்கள்தானே!

இன்னொரு அநியாயத்தையும் பாருங்கள். திருச்சிப் பட்டறையில் தொழில் பழகிய வெல்டர் இங்கே வேலைக்கு வந்தால் உடனே சேர்த்துக்கொள்கிறார்களா? சோதனைத் துண்டு கொடுத்துப் பற்றவைக்கச் சொல்கிறார்கள். அதை வளைத்துப் பார்க்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஊசிமுனை ஓட்டை தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். சரி, விதி அப்படித்தான் சொல்கிறது. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தொழிலாளியின் கையை எக்ஸ்ரே எடுக்கும் அதே விதிநூல், மேனேஜரின் மாற்றுக் குழாயையும் கணக்குப் போடச் சொல்கிறதே! அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் புரட்டுவதில்லை? ஆளுக்கு ஒரு சட்டம், அவசரத்துக்கு ஒரு சட்டமா?

"முப்பது வருஷ அனுபவம், கண் பார்த்தாலே கை செய்யும்" என்று நம்மிலேயே சிலர் பெருமை பேசுகிறோம். கைத்திறன் பெரிதுதான். ஆனால் ஃபிளிக்ஸ்பரோவில் குழாய் செய்தவர்களும் கைதேர்ந்தவர்களே. பற்றவைத்த இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தாங்கல் தப்பாக இருந்தால் குழாய் நிற்காது. கண்ணுக்கு அழுத்தம் தெரியாது, கணக்குக்குத்தான் தெரியும்.

"கேட்டால் வேலை போய்விடுமே!" என்பீர்கள். நியாயமான பயம். ஒற்றை ஆளாகக் கேட்டால் போகும். ஒரு கேங்கே கேட்டால்? போபாலுக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41-எச் பிரிவைச் சேர்த்தார்கள். அபாயத் தொழிலில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அஞ்சக் காரணம் இருந்தால் நிர்வாகத்திடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்பது அந்தப் பிரிவு. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் இந்த உரிமையை வைத்திருக்கிறது. ஏட்டில் கிடக்கும் உரிமையை எடுத்து வீச ஒற்றுமை வேண்டும்.

ஆகவே, அடுத்த ஷட்-டவுனில் ஒரு போல்ட்டைத் தொடுமுன் நாலு கேள்வி கேளுங்கள்:

இந்தக் குழாயில் ஓடப்போவது என்ன. அதன் அழுத்தமும் சூடும் எவ்வளவு?

கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட டிராயிங் எங்கே?

எத்தனை கிலோவில் சோதிப்பீர்கள். எந்தப் பதிவேட்டில் எழுதுவீர்கள்?

திறக்கப்போகும் லைனுக்குத் தடுப்புத் தகடு போட்டாயிற்றா. அதை எங்கள் கண்ணுக்குக் காட்டுவீர்களா?

நிர்வாகங்களிடம் நமது கோரிக்கையும் இதுவே: விதிநூல் ஆபீஸ் அலமாரியில் ஆங்கிலத்தில் உறங்க வேண்டாம். இந்த நாலு விடையையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி வேலையிடத்தில் ஒட்டுங்கள். காண்டிராக்ட் தொழிலாளியின் பிரதிநிதி பார்க்காமல் எந்த மாற்றுக் குழாயும் திறக்கப்படக் கூடாது.

தாய்மார்களே! மணியார்டர் போன காலம் போய் இன்று பணம் போனிலேயே ஊருக்குப் போகிறது. பெட்டியில் பிணம் போவது மட்டும் மாறவில்லை. வேலைக்குக் கிளம்பும் கணவனிடமும் மகனிடமும் சாப்பாட்டு டப்பாவோடு இந்த நாலு கேள்வியையும் கொடுத்தனுப்புங்கள்.

அவர்களுக்குக் குழாயும் தற்காலிகம், அதைப் பொருத்துகிற நாமும் தற்காலிகம். நம் வீட்டில் எரியும் அடுப்பு தற்காலிகமல்ல. கணக்கில்லாத குழாயில் கை வைக்க மாட்டோம் என்று இன்றே முடிவெடுப்போம்!